தமிழகத்துக் குதிரைப் பேணலும் சினைக்குதிரையின் ஊட்டமும்

தோற்றுவாய்

தமிழகத்தில் குதிரை பெற்ற இடத்தைப் பற்றி எழுதிய அறிஞர் பலரும் அதனை வாணிகப் பொருளாகவும் படையுறுப்பாகவுமே கண்டனர். எத்துறையில் வந்திறங்கியது, என்ன விலை பெற்றது, எப்படையில் நின்றது என்னும் வினாக்களே பெரிதும் ஆராயப்பட்டன. வந்திறங்கிய குதிரை என்ன தின்றது, சினையுற்ற குதிரையை எவ்வாறு பேணினர் என்னும் வினாக்களோ ஓரத்தே நின்றுவிட்டன. அவற்றுள் பின்னதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குமரி மாவட்டத்துத் திற்பரப்பு, சிவாலய ஓட்டத்துப் பன்னிரு தலங்களுள் ஒன்று. கோதையாறு அருவியாய் வீழும் அவ்வூரில் நிற்பார்க்குப் பசுமையே எங்கணும் கண்ணிற்படும். இத்தகைய மலையடி நாடுகளைத் தன்னகத்தே கொண்ட மேலைக் கடற்கரைப் பகுதியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் மலைமண்டலம் என வழங்குகின்றன. அம்மண்டலத்துக் குதிரைச் செட்டிகளும் அக்கல்வெட்டுகளிற் குறிக்கப்பெறுகின்றனர். நீரும் புல்லும் உடைய மண்டலம். குதிரை வாணிகர் பெயரும் அம்மண்டலத்தோடு இயைந்தது. எனினும், அக்காலத்துப் போர்க்குதிரைகள் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவையே. பசுமை மிக்க நாட்டிற் குதிரை ஈன்று பெருகாமைக்குக் காரணம் யாது? மண் ஒவ்வாமை என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. அவ்விடை முழுமையுடையதன்று என்பதே யாம் ஈண்டு நிறுவக் கருதுவது.

சங்கச் சான்று

கடல்வழிக் குதிரை வரவைப் பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் குறிக்கின்றன. ஆயின், குதிரையின் உணவைப் பற்றி நமக்கு வேண்டும் குறிப்பைத் தருவது புறநானூற்றின் 299ஆம் பாட்டு. பொன்முடியார் பாடிய அப்பாட்டு குதிரைமறம் என்னும் துறையைச் சார்ந்தது. சீறூர் மன்னன் ஒருவனது குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று தளர்நடை கொண்டது. வளமிக்க மருதநில வேந்தரின் குதிரைகளோ நெய்யிட்டு மிதித்த கவளம் உண்டு கொழுத்தவை. போர் மூண்டபோது தளர்நடைக் குதிரை கடலைப் பிளக்கும் தோணிபோலப் படைமுகத்தைப் பிளந்து சென்றது. கொழுத்தவை பின்னிட்டு நின்றன.

புலவர் பாடியது மறத்தையேயன்றிக் குதிரை மருத்துவத்தையன்று. ஆதலின் இதனை உணவு நூலாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், இரு செய்திகள் இதனாற் பெறப்படும். உழுத்ததர், நெய்ம்மிதி என இருவகை உணவு அக்காலத்தே வழங்கிற்று என்பது ஒன்று. கொழுப்பு வேறு, வலிமை வேறு என்னும் தெளிவு புலவர்க்கு இருந்தது என்பது மற்றொன்று. பிற்காலத்தார் மறந்தது இவ்விரண்டாவது செய்தியையே எனலாம்.

அயலார் கண்ட பாண்டிநாட்டுக் குதிரை

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோவும், சற்றுப் பின்னர்ப் பாரசீகத்தில் வரலாறு எழுதிய வசாப்பும் இத்துறையில் தலையாய சான்றினர். மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குவதாகவும், ஆண்டிறுதியில் நூறு கூட எஞ்சா எனவும் போலோ எழுதுகின்றார். குதிரை ஒன்றின் விலை 220 தீனார் என்றும், மாபார், காம்பே முதலிய துறைகளுக்கு ஆண்டில் 10,000 குதிரைகள் சென்றன என்றும், கடலில் இறந்தவற்றிற்கும் விலை தரப்பட்டது என்றும் வசாப் கூறுகின்றார். போலோவின் தொகையும் ஐவர்க்குமாகப் பதினாயிரமே ஆகும். ஆயின், வசாப் கூறும் தொகை காம்பேத் துறையையும் உள்ளடக்கியது. எனவே, இவ்விரு தொகைகளையும் ஒன்றற்கொன்று சான்றாகக் கொள்ளுதல் கூடாது. மிகைக்கு இடனுண்டு என்று கொள்வதே முறை.

தொகையினும் முதன்மையானது உணவைப் பற்றிய குறிப்பு. சோறும் அதனுடன் சமைத்த இறைச்சியும் குதிரைக்கு இடப்பட்டன என்பர் போலோ. வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயிட்ட தானியமும் காய்ச்சிய ஆவின்பாலும் தரப்பட்டன என்பர் வசாப். பொருள்களில் இருவரும் வேறுபடினும், இருவரும் எடுத்துரைப்பது ஆக்கிய உணவையே, உலர்புல்லையன்று. நாற்பது நாள் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்துப் பின்னர்ப் பயிற்சியின்றி ஏறிச் செலுத்தினர் எனவும், விரைவில் அவை வலிகுன்றிப் பயனிழந்தன எனவும் வசாப் மேலும் கூறுகின்றார்.

போலோவின் கூற்றுகளுள் நம் ஆய்விற்கு இன்றியமையாதது ஒன்றுண்டு. உயர்ந்த பெண்குதிரையை உயர்ந்த பொலிகுதிரையோடு சேர்ப்பினும், பிறப்பது கால் திருகிய, ஏறுதற்கு ஆகாத சிறு குட்டியே என்பது அது. சினைக்குதிரை ஒன்று தமிழக வரலாற்றுச் சான்றில் தலைகாட்டும் அரிய இடம் இது. போலோ அதன் காரணத்தை நாட்டியல்பின்மேல் ஏற்றிவிட்டு அமைகின்றார். அப்பெண்குதிரை சினைக்காலத்தில் உண்டது யாது என்று அவர் வினவினாரல்லர். அவர் வழிநின்ற நாமும் வினவவில்லை.

இன்றைய மருத்துவம் காட்டும் ஒளி

குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். கருவின் வளர்ச்சியிற் பெரும்பகுதி இறுதி மூன்று திங்களிலேயே நிகழ்கின்றது. அப்போது தாய்க்கு வேண்டுவது வெறும் கொழுப்பன்று. புரதமும் சுண்ணச்சத்தும் செம்பு முதலிய நுண்கனிமங்களுமாம். அரிசியிலும் தவிட்டிலும் சுண்ணச்சத்து மிகக் குறைவு. தவிட்டிற் பாசுபரசு மிக மிகுதி. இந்நிலை நீடிப்பின் குதிரை தன் எலும்பிலுள்ள சுண்ணத்தையே கரைத்துக் கொள்ளும். தவிட்டை மிகுதியாக உண்ட குதிரைகட்கு முக எலும்பு வீங்கும் நோய் இதனால் வருவதே. குட்டி கால் கோணிப் பிறத்தற்குக் காரணங்கள் பலவாயினும், தாயின் ஊட்டக் குறையும் அவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. எனவே, போலோ கண்ட திருகிய காலை மண்ணின் குற்றமாகவே கொள்ள வேண்டுவதில்லை. உணவுத்தொட்டியின் குற்றமாகவும் இருத்தல் கூடும்.

மெலிந்த குதிரையைத் தேற்றும் முறையும் நாற்பது நாள் கொழுக்கவைத்தலுக்கு நேர்மாறானது. குதிரையின் உடல்நிலையை ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பிடும் அளவையை 1983இல் எனக் என்பாரும் அவர்தம் குழுவினரும் வகுத்தனர். விலா எலும்பும் முதுகெலும்பும் துருத்தி நிற்கும் குதிரை அதன் கீழ்ப்படிகளில் அடங்கும். நெடுநாட் பட்டினி கிடந்த அத்தகைய குதிரைக்குத் தானியத்தை ஒருங்கே இட்டால், மாவுச்சத்து இன்சுலினைப் பெருக்கும். குருதியிலுள்ள பாசுபரசும் மக்னீசியமும் திடீரெனக் குறையும். இதயம் தளர்ந்து சில நாட்களிற் குதிரை இறத்தலும் உண்டு. ஆகவே, குதிரைமசால் முதலிய உலர்தீவனத்தைச் சிறிது சிறிதாக, ஒரு நாளிற் பன்முறை இட்டு, நாட்கள் செல்லச் செல்லவே அளவை உயர்த்துவர். பல்லையும் குடற்புழுவையும் உடன் நோக்குவர்.

மட்டக்குதிரை சினையுற்றிருப்பின் இடர்ப்பாடு இரு மடங்காகும். கரு கேட்கும் ஊட்டத்தைத் தாய் உண்ணும் உணவு தரவில்லையாயின், உடற்கொழுப்பு கரைந்து குருதியிற் பெருகி ஈரலைக் கெடுக்கும். மட்டக்குதிரையும் கழுதையும் இந்நோய்க்கு எளிதில் ஆட்படும். தாயும் கருவும் ஒருங்கே அழிதலும் நேரும். எனவே, மெலிந்த சினைக்குதிரையைப் பட்டினி போடவும் ஆகாது. ஒருங்கே ஊட்டவும் ஆகாது. இரண்டிற்கும் இடைப்பட்ட பொறுமையே மருந்து. ஆண்டுதோறும் புதுக்குதிரை வாங்கும் அரசிற்கு அப்பொறுமை தேவைப்படவில்லை. இறந்த குதிரைக்கு மாற்று அடுத்த கப்பலில் வரும் என்னும் துணிவே பேணும் கலையின் வளர்ச்சிக்குத் தடையாயிற்று எனல் தகும். குதிரை இலாட வல்லுநரை வாணிகர் வரவிடவில்லை என்னும் போலோவின் கூற்றும் இதற்கு அரண் செய்யும்.

மண்ணும் பேணலும்

தமிழ்கூறும் நிலத்திற் குதிரை இனம் பெருகாது என்பதற்கு மறுப்பாக இரு சான்றுகள் உள. ஒன்று ஓசூர். 1824இல் ஆங்கிலேயர் அங்கே படைக்குதிரைகட்கென நிறுவிய பண்ணை இன்று கால்நடைப் பண்ணையாக விளங்குகின்றது. ஓசூர் மேட்டு நிலம். ஆங்குள்ள தட்பம் காயற்கரைக்கு இல்லை என்று தடை எழுப்பலாம். அதற்கு விடையாக நிற்பது ஈழத்து நெடுந்தீவு. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள், தட்டையான அவ்வெப்பத் தீவில், கொட்டிலும் கவளமுமின்றி மேய்ந்து, ஈன்று, இன்றளவும் இனம் காத்து வருகின்றன. ஆங்கும் மழை பொய்க்குங்காலத்து நீரும் புல்லும் அற்று அவை மெலிந்து மடிதல் உண்டு. அவற்றின் வாழ்வும் சாவும் உணவையும் நீரையுமே பற்றி நிற்கின்றன என்பது இதனாற் புலனாகும்.

இக்கூற்றால் தட்பவெப்பத்திற்குப் பங்கே இல்லை என்பது கருத்தன்று. திற்பரப்புப் போன்ற இருபருவ மழைநாட்டில் மண்ணின் சுண்ணம் நீரோடு கரைந்து போகும். புல்லை உலர்த்தி வைத்தலும் அரிது. பசுமை கண்ணை நிறைக்கும். சினைக்குதிரையின் எலும்பை நிறைக்காது. எனினும், அறிந்து ஈடு செய்தற்குரிய குறை அது, விதியன்று. தென்பாண்டி நாட்டார் காணம் என வழங்கும் கொள்ளும் இந்நாட்டிலேயே விளைவதன்றோ?

முடிவுரை

பரஞ்சோதியாரின் திருவிளையாடற் புராணம் குதிரையின் இலக்கணத்தை விரித்துரைக்கின்றது. நகுலர் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் வெளியிட்டது. நிறமும் சுழியும் நடையும் கற்றார் பலர். அவ்வேடுகளையும் வாகடச் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் இனி உணவு, சினை, ஈற்று என்னும் நோக்கிற் பயிலுதல் இளம் ஆய்வாளர் கடன். அவ்வாறு பயின்றால், இந்நாட்டில் குதிரை வாழாது என்று அயலார் எழுதிச் சென்ற தீர்ப்பை நாம் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட குறை நீங்கும். கொழுத்த குதிரையே நலமுற்ற குதிரை எனக் கருதியோர் ஆண்டுதோறும் பொன்னை இழந்தனர். உழுந்துச் சக்கை தின்ற குதிரையின் ஆற்றலைக் கண்ட பொன்முடியார் அவர்கட்குப் பன்னூறாண்டு முன்னரே அவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தார்.