லண்டன்ல சாத்தின கதவு, மெட்ராஸ்ல திறந்த வார்டு

எங்க ப்ராஜெக்ட்டோட இங்கிலாந்து கிளையன்ட் ஒருத்தர், கால் முடியற நேரத்துல தன் பொண்ணைப் பத்திப் பேச ஆரம்பிச்சார். மருத்துவம் கடைசி வருஷமாம். அந்த ஊர்ல 'எலெக்டிவ்'னு சில வாரம் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆப்பிரிக்காவா இந்தியாவான்னு வீட்ல ஒரே விவாதம். "அங்கெல்லாம் நிறைய பார்க்கலாம், கையால செய்யவும் விடுவாங்க"ன்னார் பெருமையா.

கையால செய்ய விடுவாங்க, சரி. யார் உடம்புல?

நம்ம ஃபீல்டுல டிரெயினியை நேரா ப்ரொடக்ஷன் சர்வர்ல விடமாட்டோம். மருத்துவத்துல டெஸ்ட் சர்வர் ஓரளவுக்குத்தான் உதவும். கடைசில படுத்திருக்கற நோயாளிகிட்டதான் கத்துக்கணும். அதனால மாணவர்கள் கேஸ் இருக்கற இடத்தைத் தேடிப் போறது ரொம்பப் பழைய விஷயம். அதுல ஒரு கதை நம்ம ஊர்லயே நடந்திருக்கு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல்ல எடின்பர்க். 1869-ல சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் கூட இருந்த பெண்களும் அங்க மருத்துவம் படிக்கச் சேர்ந்தாங்க. 1870 நவம்பர் 18-ம் தேதி உடற்கூறியல் பரீட்சை எழுதப் போனவங்க மேல ஒரு கூட்டம் சேற்றை வாரி அடிச்சுது, கேட்டைச் சாத்திச்சு. பரீட்சை ஹாலுக்குள்ள ஒரு ஆட்டையும் தள்ளி விட்டாங்களாம் (ஆடு என்ன பாவம் பண்ணிச்சு!). கடைசில 1873-ல, பல்கலைக்கழகம் அவங்களுக்குப் பட்டம் தர வேண்டியதில்லைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. ஜெக்ஸ்-பிளேக் லண்டன் வந்து 1874-ல பெண்களுக்குன்னு மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சார். பாடம் நடத்த ஆள் கிடைச்சுது, ஆனா வார்டுக்குள்ள விட ஒரு ஆஸ்பத்திரியும் தயாரா இல்ல. ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி சரின்னு சொல்ல 1877 ஆயிடுச்சு. நோயாளியையே பார்க்காம டாக்டர் ஆகறது எப்படி?

அதே சமயம் மெட்ராஸ்ல மேரி ஷார்லீப்னு ஒரு அம்மா. வக்கீல் வில்லியம் ஷார்லீப்பைக் கட்டிக்கிட்டு 1866-ல கப்பலேறி வந்தவங்க. புருஷனோட சட்ட வேலைகள்ல கூடமாட உதவி, மூணு குழந்தைங்கன்னு போயிட்டிருந்த வாழ்க்கை. கோஷா முறைல இருக்கற பெண்கள் ஆண் டாக்டர்கிட்ட காட்டிக்க முடியாம பிரசவத்துல செத்துப்போறதைக் கேள்விப்பட்டுதான் மருத்துவம் பக்கம் திரும்பினாங்க. முதல்ல அரசு பிரசவ ஆஸ்பத்திரில (இன்னிக்கு எழும்பூர்ல இருக்கறது) பயிற்சி. அப்புறம் காலேஜ்லயே சேரணும்னு ஆசை. அப்ப மெட்ராஸ் மாகாண சர்ஜன் ஜெனரலா இருந்தவர் எட்வர்ட் பால்ஃபோர். இந்தியாவைப் பத்தி ஒரு கலைக்களஞ்சியமே தொகுத்த மனுஷன். அவர் பின்னாடி நின்னார். 1875-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் நாலு பெண்களைச் சேர்த்துக்கிச்சு. லண்டன் வார்டுகள்ல பெண்களுக்கு இடமில்லாத அதே வருஷம்!

மூணு வருஷம் படிச்சு 1878-ல எல்.எம்.எஸ். வாங்கினாங்க. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டத்தைத் திறந்துவிட்டதும் அதே 1878. மேரி ஊருக்குத் திரும்பி மறுபடி முதல்லேர்ந்து படிச்சு, 1882-ல எம்.பி. பட்டம், அதுவும் பிரசவ மருத்துவத்துல தங்க மெடல். மெட்ராஸ்ல வருஷக்கணக்கா பிரசவம் பார்த்த கைக்கு அந்த மெடல்ல எனக்கு ஆச்சரியமில்ல.

இங்கதான் எனக்கு ஒரு நெருடல். அந்தக் கை பழகினது யார்கிட்ட? கோஷாப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டாங்க, அதுதானே பிரச்சினையே. வந்தவங்க வேற வழியில்லாத ஏழைப் பெண்கள். மெடலைப் பத்தி எழுதறவங்க அவங்களைப் பத்தி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்ல.

மேரி பட்டத்தோட அங்கயே தங்கிடல, அதையும் சொல்லணும். 1883-ல மெட்ராஸ் திரும்பினாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி விக்டோரியா ராணியைப் பார்த்து இந்தியப் பெண்களோட நிலைமையைச் சொன்னாங்க. பெண் டாக்டர்னாலே முகம் சுளிக்கற ராணி அது! 1885-ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரிக்குப் பேர், சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா ஆஸ்பத்திரி. நம்ம திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியேதான். இப்ப கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. அந்தப் பழைய பேரைக் கொஞ்சம் கவனிங்க. கத்துக்கக் கிடைச்சது ஏழைப் பெண்கள், கத்துக்கிட்டதை வெச்சுக் கட்டின ஆஸ்பத்திரியோட பேர்ல இருந்தது 'சாதி'ப் பெண்களும் கோஷாப் பெண்களும். இது மேரியோட குத்தம்னு நான் சொல்லல. பொது ஆஸ்பத்திரிக்கு வராதவங்களுக்குன்னு ஒரு இடம் நிஜமாவே தேவைப்பட்டுச்சு. ஆனா கணக்குன்னா கணக்கு.

2010-ல, வெளிநாட்டுல பயிற்சிக்குப் போற மாணவர்களுக்கான நெறிமுறைகளை ஒரு நிபுணர் குழு வெளியிட்டுச்சு. போற இடத்து மொழி, பழக்கவழக்கத்துக்குத் தயாராகணும், படிப்புக்கு மீறின வேலைல கை வைக்கக் கூடாது, மேற்பார்வை வேணும், வரவேற்கற ஆஸ்பத்திரிக்கு ஆகற செலவையும் சிரமத்தையும் கணக்குல எடுக்கணும், உறவு நீண்ட காலத்துக்கு இருக்கணும்னு போகுது. படிக்கறப்ப மேரி ஞாபகம்தான் வந்துச்சு. காலேஜ்ல சேர்றதுக்கு முன்னாடியே ஒன்பது வருஷம் இந்த ஊர்ல குடும்பம் நடத்தினவங்க. பரீட்சையும் இந்தக் காலேஜ் பரீட்சைதான், படிச்சு முடிச்சுத் திரும்பியும் வந்தாங்க. சில வார எலெக்டிவ்ல இதுல எது நடக்கும்? புதுசா வர்ற பையனுக்கு வார்டைச் சுத்திக்காட்டி, நோயாளி சொல்றதை மொழிபெயர்த்துச் சொல்றதுக்கே அங்க ஒரு ஹவுஸ் சர்ஜனோட பாதி நாள் போயிடும். அந்த ஹவுஸ் சர்ஜனுக்குப் பதில் மரியாதையா லண்டன்ல அதே சில வாரம் கிடைக்குமான்னு கேட்டுப் பாருங்க. விசாவே சுலபமாக் கிடைக்காது.

உடம்பு ஒத்துக்காம மேரி 1887-ல இங்கிலாந்து போயிட்டாங்க. மறு வருஷம் எம்.டி. பிற்பாடு, பெண் மாணவர்களுக்கு முதல்ல வார்டைத் திறந்துவிட்ட அதே ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரில பெண்கள் நோய்ப் பிரிவுல டாக்டர். 1930-ல இறந்தாங்க.

எதிர்ப்பக்கமா போனவங்களும் உண்டு. புதுக்கோட்டை முத்துலட்சுமி 1907-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்து 1912-ல டாக்டர் ஆனாங்க. அரசாங்க உதவியோட மேல்பயிற்சிக்கு அவங்க லண்டன் போனது 1925-ல. அதுக்குள்ள டாக்டராகி பதிமூணு வருஷம் ஆயிருந்துச்சு.