606 டாலர் 17 சென்ட்: நிர்வாணாவின் முதல் ஆல்பம்

நிர்வாணா என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது 'நெவர்மைண்ட்' ஆல்பமும், அதன் அட்டையில் தண்ணீருக்குள் டாலர் நோட்டைப் பார்த்து நீந்தும் குழந்தையும்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1989 ஜூனில், அவர்களுடைய முதல் ஆல்பம் வந்துவிட்டது. பெயர் 'ப்ளீச்'. 600 டாலரில் எடுத்த ஆல்பம் என்று ராக் ரசிகர்கள் இன்றும் வியந்து பேசுவார்கள். அந்த 600 டாலர் எப்படிப் போதுமானது, அதை யார் கொடுத்தது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் ஆட்களைப் பார்ப்போம். பாட்டும் கிதாரும் கர்ட் கோபேன். பேஸ் கிதார் கிறிஸ்ட் நோவோசெலிக். இருவருமே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அபர்தீன் என்ற மரம் வெட்டும் தொழில் நடக்கும் ஊரில் வளர்ந்தவர்கள். கையில் காசு கிடையாது. கோபேன் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கும் வேலைகூட பார்த்திருக்கிறார்.

1988 ஜனவரி 23 அன்று இவர்கள் சியாட்டில் நகரத்தில் ரெசிப்ரோகல் என்ற சின்ன ஸ்டூடியோவுக்குப் போனார்கள். சொந்த டிரம்மர் அமையாததால், மெல்வின்ஸ் குழுவின் டேல் குரோவர் வந்து வாசித்துக் கொடுத்தார். ஒரே மதியத்தில் 10 பாட்டு! கடைசிப் பாட்டின் நடுவில் டேப் தீர்ந்துவிட்டது. இன்னொரு டேப் வாங்கப் பணம் இல்லாததால் அந்தப் பாட்டு பாதியிலேயே நின்றது. பில் 152 டாலர் 44 சென்ட்.

அன்று ஒலிப்பதிவு செய்தவர் ஜாக் எண்டினோ. கோபேனின் குரல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், ஒரு பிரதியை சப் பாப் என்ற உள்ளூர் ரெக்கார்டு கம்பெனியின் ஜொனாதன் போன்மேனிடம் கொடுத்தார். அந்த வழியில்தான் 1988 நவம்பரில் 'லவ் பஸ்' என்ற முதல் சிங்கிள் வந்தது. அச்சிட்டது வெறும் 1,000 பிரதிகள்.

அடுத்தது ஆல்பம். இப்போது டிரம்ஸ் வாசித்தவர் சாட் சானிங். 1988 டிசம்பர் 24 அன்று ஆரம்பித்து, 1989 ஜனவரி கடைசிக்குள் அதே ஸ்டூடியோவில் முடித்தார்கள். எண்டினோ போட்ட பில்லில் மொத்தம் 30 மணி நேரம், 606 டாலர் 17 சென்ட். அதாவது மணிக்குச் சுமார் 20 டாலர். அன்றைய நம்மூர் மதிப்பில் மொத்தமே ஏறக்குறைய 9,000 ரூபாய்தான்.

எப்படி முடிந்தது? ஸ்டூடியோவில் இருந்தது எட்டு டிராக் மெஷின். ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் சேர்த்து அழகு பார்க்க அதில் வழியில்லை. மூவரும் நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டு வந்து, நேரடியாக வாசித்துவிட்டுப் போக வேண்டும். போதாததற்கு, முந்தைய வருடம் குரோவர் வாசித்த பாட்டுகளில் இரண்டை அப்படியே ஆல்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அவற்றுக்கான செலவு ஏற்கெனவே தனியாகக் கொடுத்தாகிவிட்டது. ஆக, 606 என்ற கணக்கே முழுக் கணக்கு இல்லை!

சரி, பணம் யாருடையது? சப் பாப் கம்பெனியே அப்போது கடனில் திண்டாடிக்கொண்டிருந்தது. குழுவிடமும் இல்லை. ஜேசன் எவர்மேன் என்ற நண்பர் தன் கையிலிருந்து கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் இரண்டாவது கிதார் கலைஞராகக் குழுவில் சேர்ந்தார். ஆல்பத்தில் அவர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. இருந்தும் அட்டையில் அவர் படமும் பெயரும் இருக்கின்றன. குழுவில் ஒருவராக அவரை உணரச் செய்வதற்காகப் போட்டதாம். அந்த உறவும் நிலைக்கவில்லை. 1989 கோடைச் சுற்றுப்பயணத்தின் பாதியிலேயே மீதிக் கச்சேரிகளை ரத்து செய்துவிட்டு எல்லோரும் ஊர் திரும்பினார்கள். எவர்மேன் வெளியேறினார். கொடுத்த பணம் அவருக்குத் திரும்பி வரவே இல்லை. பின்னாளில் அவர் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, சிறப்புப் படையில் பணியாற்றி, அதன்பின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார்.

'ப்ளீச்' முதலில் சுமார் 40,000 பிரதிகள்தான் விற்றது. 1991 செப்டம்பரில் பெரிய கம்பெனியின் பணத்தில் எடுத்த 'நெவர்மைண்ட்' வந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு பில்போர்டில் முதலிடம் பிடித்தது. அதன்பின் ஜனங்கள் பழைய ஆல்பத்தையும் தேடி வாங்கினார்கள். அமெரிக்காவில் மட்டும் 'ப்ளீச்' 10 லட்சத்தைத் தாண்டியது. சப் பாப் வெளியிட்டதிலேயே அதிகம் விற்றது அதுதான்.

"திறமை இருந்தால் போதும், பணம் தேவையில்லை" என்பதற்கு இந்த ஆல்பத்தை உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திறமை இருந்தது, உண்மை. கூடவே குறைந்த வாடகைக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது, நல்லதைக் கேட்டதும் நாலு பேரிடம் சொன்ன ஒரு எண்டினோ இருந்தார், வேறு குழுவிலிருந்து வந்து வாசித்த ஒரு குரோவர் இருந்தார், பணம் போட்ட ஒரு எவர்மேன் இருந்தார். 600 டாலர் சின்னத் தொகைதான். ஆனால் அன்று அந்த மூவரிடம் அதுகூட இல்லை. இவர்களில் யாராவது ஒருவர் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பாட்டுகள் நம் காதுவரை வந்திருக்குமா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.