சூலு நாட்டில் காட்டுயிர்ச் சுற்றுலா: ஹ்லுஹ்லுவே–இம்ஃபொலோசி காப்பகத்தின் வரலாறு

ஹ்லுஹ்லுவே–இம்ஃபொலோசி பூங்கா, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையோர மாகாணமான குவாசூலு-நட்டாலில் உள்ள காட்டுயிர்க் காப்பகம் ஆகும். டர்பன் நகரிலிருந்து ஏறத்தாழ 280 கி.மீ. வடக்கே அமைந்துள்ள இதன் பரப்பளவு சுமார் 960 சதுர கி.மீ. 1895 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இது, ஆப்பிரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய காப்பகங்களுள் ஒன்றாகும். சிங்கம், சிறுத்தை, யானை, ஆப்பிரிக்கக் காட்டெருமை, காண்டாமிருகம் ஆகிய ‘பெரிய ஐந்து’ விலங்குகளும் இங்கு வாழ்கின்றன. இந்த ஐந்தின் பட்டியலை வகுத்தவர்கள் வேட்டைக்காரர்கள். நடந்து சென்று வேட்டையாடுவதற்கு மிகவும் ஆபத்தான விலங்குகள் என்பதே அதன் முதற்பொருள். ‘சஃபாரி’ என்ற சொல்லும் சூலு மொழிக்கு உரியதன்று. அரபியிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழிக்குச் சென்ற அச்சொல்லுக்குப் ‘பயணம்’ என்று பொருள்.

இப்பகுதிக்கு வரும் பயணிகளுக்குச் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் இரண்டு நிகழ்ச்சிகளைத் தனித்தனியே அமைத்துத் தருகிறார்கள். காலையில் திறந்த வண்டியில் விலங்குகளைப் பார்ப்பது ஒன்று. மாலையில் சூலு மக்களின் நடனத்தைப் பார்ப்பது மற்றொன்று. காடு வேறு, மக்கள் வேறு என்ற எண்ணம் இதனால் ஏற்படுகிறது. வரலாற்றில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இந்தக் காடு சூலு அரசர்களின் காடாக இருந்தது. அது காப்பகமாக மாறிய கதை, சூலு மக்கள் நிலம் இழந்த கதையின் ஒரு பகுதியாகும். இங்கு பயணம் செய்யத் திட்டமிடுபவர்கள் அந்த வரலாற்றை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

அரசரின் வேட்டைக்காடு

கறுப்பு இம்ஃபொலோசி, வெள்ளை இம்ஃபொலோசி என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடம் இப்பூங்காவின் தென்பகுதியில் உள்ளது. 1816 முதல் 1828 வரை ஆட்சி செய்த சூலு அரசர் ஷாக்காவின் வேட்டைக்களமாக இந்த ஆற்றிடைப் பகுதி இருந்தது. விலங்குகளை விரட்டிக் கொண்டுவந்து வீழ்த்துவதற்காகத் தோண்டப்பட்ட குழிகளின் அடையாளங்கள் இன்றும் இங்கே காணப்படுவதாக மரபு கூறுகிறது. அரசரின் வேட்டை வெறும் பொழுதுபோக்கு அன்று. வயது வாரியாகப் பிரிக்கப்பட்ட படைப்பிரிவுகளின் இளைஞர்கள் ஒன்றுகூடி, கட்டளைக்கு ஏற்ப வளைந்து சூழும் பயிற்சியை அதில் பெற்றனர். எருதின் கொம்புகளைப் போல இருபுறமும் வளைந்து பகைவரைச் சூழ்வது ஷாக்கா படையின் புகழ்பெற்ற போர்முறை. வேட்டையில் விலங்குகளைச் சூழும் முறையும் அதை ஒத்ததே.

சிறிய குலங்களுள் ஒன்றாக இருந்த சூலு குலத்தைப் பெரிய அரசாக மாற்றியவர் ஷாக்கா. எறியும் ஈட்டிக்குப் பதிலாகக் குத்தும் குட்டை ஈட்டியையும் பெரிய மாட்டுத்தோல் கேடயத்தையும் அவர் படையில் பரவலாக்கினார். 1828 ஆம் ஆண்டு, தம் உடன்பிறந்தவர்களான டிங்கானேவும் ம்ஹ்லங்கானாவும் செய்த சதியில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய கடைசித் தலைநகரம் டுகுசா. இன்று அது குவாடுகுசா என்னும் நகரமாக உள்ளது.

போரும் நில இழப்பும்

1879 ஜனவரி 22 அன்று இசண்ட்ல்வானா என்ற இடத்தில் சூலு படை பிரித்தானியப் படையைத் தோற்கடித்தது. பிரித்தானியத் தரப்பில் 1,300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் அதே ஆண்டு ஜூலை 4 அன்று உலுண்டியில் நடந்த இறுதிப்போரில் சூலு படை தோற்றது. அரசர் செட்ஷ்வாயோவின் தலைநகரமான ஒண்டினி எரிக்கப்பட்டது. அரசர் சிறைப்பட்டுக் கேப் நகருக்கு அனுப்பப்பட்டார். நாடு 13 சிறு தலைமைகளாகப் பிரிக்கப்பட்டு உள்நாட்டுச் சண்டையில் சிதைந்தது. 1887இல் பிரித்தானியா அதைத் தன் ஆட்சிப் பகுதியாக அறிவித்தது. 1897இல் அது நட்டாலுடன் இணைக்கப்பட்டது.

அடுத்தடுத்து இரண்டு அடிகள் விழுந்தன. 1890களின் இறுதியில் பரவிய மாட்டு வெக்கைநோய், சூலு மக்களின் மாடுகளில் பெரும்பகுதியைக் கொன்றது. 1902 முதல் 1904 வரை செயல்பட்ட நில எல்லை ஆணையம் சூலு நாட்டின் பெரும் நிலப்பகுதியை வெள்ளையர் குடியேற்றத்துக்கு ஒதுக்கியது. அதில் கடற்கரையை ஒட்டிய வளமான நிலம் கரும்புத் தோட்டங்களாயிற்று. மாட்டையும் நிலத்தையும் இழந்த ஆண்கள் கூலி வேலைக்காகச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் சென்றனர். 1906இல் தலைவரி எதிர்ப்பாக எழுந்த பம்பாத்தா கிளர்ச்சி இந்தச் சூழலில்தான் பிறந்தது.

இக்கரும்பு நிலத்தின் வரலாற்றில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் டர்பனை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு நட்டாலுக்கு வந்தனர். அவர்களுள் தமிழர்களும் தெலுங்கர்களும் மிகுதி. டர்பனிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் இன்று காணும் கரும்பு வயல்கள் இரு மக்களின் இழப்பையும் உழைப்பையும் தாங்கி நிற்பவை.

1895: காப்பக அறிவிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் துப்பாக்கியுடன் வந்த வணிகர்களும் வேட்டைக்காரர்களும் தந்தத்துக்காகவும் தோலுக்காகவும் கொம்புக்காகவும் ஏராளமான விலங்குகளைக் கொன்றனர். நூற்றாண்டின் இறுதியில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் அழிந்தே போய்விட்டதோ என்ற அச்சம் எழுந்தது. இம்ஃபொலோசி ஆற்றிடைப் பகுதியில் ஒரு சிறு கூட்டம் மட்டுமே எஞ்சியிருந்தது. இதனால் 1895 ஆம் ஆண்டு ஹ்லுஹ்லுவே, இம்ஃபொலோசி, செயின்ட் லூசியா ஆகியவை காப்பகங்களாக அறிவிக்கப்பட்டன.

விலங்குகளுக்கு இது உயிர்ப்பிச்சை. சூலு மக்களுக்கோ இது மற்றொரு வேலி. முன்பு அரசரின் சொல்லால் காக்கப்பட்ட காடு, இப்போது அயல் ஆட்சியின் சட்டத்தால் காக்கப்பட்டது. அங்கே வேட்டையாடுவதும் மாடு மேய்ப்பதும் குற்றமாயின.

நாகனா நோயும் விலங்கு அழிப்பும்

காப்பக அறிவிப்போடு விலங்குகளின் துன்பம் முடிந்துவிடவில்லை. மாடுகளை மெலியச் செய்து கொல்லும் ‘நாகனா’ நோய் இப்பகுதியில் பரவியிருந்தது. இந்தப் பெயரே சூலு மொழியிலிருந்து வந்தது. டேவிட் புரூஸ் என்னும் இராணுவ மருத்துவர் 1890களின் நடுவில் சூலு நாட்டின் உபோம்போவில் இந்நோயை ஆராய்ந்தார். இரத்தத்தில் வாழும் நுண்ணுயிரியே நோய்க்குக் காரணம் என்றும், அதைச் செட்சி ஈக்கள் பரப்புகின்றன என்றும் அவர் கண்டறிந்தார். அந்த நுண்ணுயிரிக்குப் பின்னர் அவர் பெயரே சூட்டப்பட்டது.

காட்டு விலங்குகள் நோயுறாமலே இந்நுண்ணுயிரியை இரத்தத்தில் சுமக்கக் கூடியவை. எனவே அவற்றை ஒழித்தால் நோயும் ஒழியும் என்று பண்ணையாளர்கள் வற்புறுத்தினர். முதல் உலகப் போருக்குப் பிறகு தொடங்கிய அழிப்பு வேட்டைகளில் வரிக்குதிரை, காட்டெருமை, மான் வகைகள் எனப் பல்லாயிரக்கணக்கான விலங்குகள் கொல்லப்பட்டன. காண்டாமிருகத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானத்திலிருந்து டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டு, 1950களின் தொடக்கத்தில் ஈ ஒழிக்கப்பட்டது. அதன் பிறகே காப்பகம் மூச்சுவிட்டது. இன்று பயணிகள் காணும் விலங்குகள் பல, இந்த அழிவுக்குப் பின் மீண்டு பெருகியவையும் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவையும் ஆகும்.

காண்டாமிருக மீட்பு

காப்பக எல்லைக்குள் காண்டாமிருகம் பெருகியதும் புதிய சிக்கல் எழுந்தது. உலகின் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் ஏறத்தாழ அனைத்தும் ஒரே இடத்தில் இருந்தன. ஒரு கொள்ளைநோய் வந்தால் இனமே அழிந்துவிடும். இதைத் தவிர்க்க, வனக்காவல் அதிகாரி இயன் பிளேயரும் அவருடைய குழுவினரும் 1961இல் மீட்புப் பணியைத் தொடங்கினர். மயக்க மருந்து ஊசியைத் துப்பாக்கியால் செலுத்தி விலங்கைப் பிடித்து, வண்டியில் ஏற்றி வேறு காப்பகங்களுக்கு அனுப்பினர். குரூகர் தேசியப் பூங்காவில் அழிந்துபோயிருந்த இவ்வினம் இவ்வாறுதான் மீண்டும் அங்கு குடியேறியது. பின்னர் பிற நாடுகளின் காப்பகங்களுக்கும் விலங்குக் காட்சிச் சாலைகளுக்கும் இங்கிருந்து காண்டாமிருகங்கள் சென்றன.

பிளேயரின் பெயரோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டியவர் மக்குபு ண்டொம்பெலா. சூலு வனக்காவலரான அவர் முறையான பள்ளிக் கல்வி பெறாதவர். ஆனால் காலடித் தடம், பறவைக் குரல், மரஞ்செடிகளின் பயன், அரச குலக் கதைகள் அனைத்தையும் அறிந்திருந்தார். அவரையே தம் ஆசானாகப் பிளேயர் மதித்தார். இருவரும் பல்லாண்டுகள் பயணிகளை நடைப்பயணமாகக் காட்டுக்குள் அழைத்துச் சென்றனர். இனவொதுக்கல் சட்டங்கள் நிலவிய நாட்டில் இந்த நட்பு நிலைத்தது. காப்பகத்தைக் காத்ததில் சூலு காவலர்களின் அறிவுக்கும் உழைப்புக்கும் இருந்த பங்கை உணர்த்த இந்த ஒரு வாழ்க்கையே போதும்.

இரண்டு காப்பகங்களுக்கும் இடையே இருந்த நிலப்பகுதி 1989இல் இணைக்கப்பட்டு ஒரே பூங்காவாயிற்று.

பண்பாட்டைக் காணும் இடங்கள்

சூலு பண்பாட்டைக் காட்டும் இடங்கள் இருவகைப்படும். முதல்வகை, பயணிகளுக்காக அமைக்கப்பட்ட மாதிரி ஊர்கள். எஷோவே அருகில் உள்ள ‘ஷாக்காலாந்து’, 1986இல் ஒளிபரப்பான ‘ஷாக்கா சூலு’ தொலைக்காட்சித் தொடருக்காகக் கட்டப்பட்ட அரங்கமாகும். பின்னர் அது சுற்றுலா ஊராக மாற்றப்பட்டது. இத்தகைய ஊர்களில் தேன்கூட்டு வடிவக் குடிசைகள், அவற்றின் நடுவே வட்டமான மாட்டுப்பட்டி, மணிவேலை, கேடயம் செய்தல், சோளத்தைப் புளிக்கவைத்த பானம், நடனம் ஆகியவற்றைக் காணலாம். இங்குள்ளோர் தம் முன்னோரின் கலையைத்தான் செய்து காட்டுகிறார்கள். அது அவர்களுக்கு வேலையும்கூட. இன்றைய சூலு மக்கள் இவ்வாறே உடுத்தி வாழ்கிறார்கள் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அவர்களுள் ஆசிரியர்களும் மருத்துவர்களும் ஓட்டுநர்களும் கடைக்காரர்களும் உள்ளனர்.

இரண்டாம் வகை, வரலாறு நடந்த இடங்கள். டிங்கானேவின் தலைநகரமான உம்குங்குண்ட்லோவு, ஷாக்காவின் முன்னோர் அடக்கம் செய்யப்பட்ட எமகோசினி பள்ளத்தாக்கு, செட்ஷ்வாயோவின் ஒண்டினி ஆகியவை முக்கியமானவை. ஒண்டினி எரிந்தபோது வெப்பத்தால் இறுகிய குடிசைத் தரைகளை அகழாய்வாளர்கள் கண்டெடுத்து, அரச குடியிருப்பின் ஒரு பகுதியை மீண்டும் அமைத்துள்ளனர். அங்கு அருங்காட்சியகமும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் நொங்கோமாவில் உள்ள அரண்மனையில் நடைபெறும் நாணல் விழாவுக்கு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வருகின்றனர். இது காட்சிக்காக அன்றி மக்கள் தமக்காகவே நடத்தும் விழா.

மாடு இப்பண்பாட்டின் மையம். மணமகன் வீட்டார் மணமகள் வீட்டாருக்குப் பரிசமாக மாடுகளைத் தருவது ‘லொபோலா’ எனப்படும். மாட்டின் நிறத்தையும் புள்ளியையும் குறிக்கச் சூலு மொழியில் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. நாகனாவும் வெக்கைநோயும் மாடுகளைக் கொன்றபோது இம்மக்கள் இழந்தது எத்தகையது என்பது இதிலிருந்து விளங்கும்.

பயணத்தைத் திட்டமிடுதல்

வரலாற்று வரிசையிலேயே பயணத்தை அமைத்துக்கொள்ளலாம். டர்பனிலிருந்து வடக்கே செல்லும் வழியில் குவாடுகுசாவில் ஷாக்காவின் நினைவிடத்தைக் காணலாம். அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பி, எமகோசினி, ஒண்டினி ஆகியவற்றைப் பார்த்தபின், உலுண்டிப் பக்கமுள்ள வாயில் வழியாகப் பூங்காவுக்குள் நுழையலாம். பூங்காவில் இரண்டு அல்லது மூன்று இரவுகள் தங்குவது நல்லது. பிறகு கிழக்கே சென்று, 1999இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவில் நீர்யானைகளையும் முதலைகளையும் காணலாம். இதற்கு ஆறு அல்லது ஏழு நாட்கள் தேவைப்படும்.

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட குளிர்காலம். புல் தாழ்ந்திருப்பதாலும் விலங்குகள் நீர்நிலைகளுக்கு வருவதாலும் அவற்றைக் காண்பது எளிது. அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம். காடு பசுமையாகவும் பறவைகள் மிகுந்தும் இருக்கும். மலேரியா தடுப்பு குறித்து மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். விசா விதிகள் மாறக்கூடியவை. தூதரக அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். பூங்காவுக்குள் சொந்த வண்டியிலும் செல்லலாம். ஆனால் அப்பகுதியைச் சேர்ந்த சூலு வழிகாட்டியுடன் ஒரு நாளாவது செல்வது சிறந்தது.

பழகும் முறையும் முக்கியம். ‘சவுபோனா’ என்பது சூலு வணக்கம். ‘உன்னைக் காண்கிறோம்’ என்பது அதன் சொற்பொருள். பொருளைப் பெறும்போது இரு கைகளாலும் பெறுவது மரியாதை. ஒருவரைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். கைவினைப் பொருள்களைச் செய்தவரிடமே வாங்கினால் பணம் நேராக அவரைச் சேரும்.

இன்றைய நிலை

2014 ஆம் ஆண்டில் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1,215 காண்டாமிருகங்கள் கொம்புக்காகக் கொல்லப்பட்டன. 2023இல் இந்த எண்ணிக்கை 499 ஆகக் குறைந்தது. எனினும், அவற்றுள் பெரும்பாலானவை குவாசூலு-நட்டாலில் கொல்லப்பட்டவை. குரூகரில் காவல் இறுகியதும் கொள்ளையர் இப்பக்கம் திரும்பினர். 2024இல் இப்பூங்காவின் காண்டாமிருகங்களுக்குக் கொம்பு நீக்கும் பணி தொடங்கியது. எனவே இங்கு வரும் பயணி கொம்பற்ற காண்டாமிருகத்தைக் கண்டால் ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை. அது உயிரோடு இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வேலிக்கு அப்பால் வறுமையும் வேலையின்மையும் மிகுந்த சூலு ஊர்கள் உள்ளன. காட்டால் தமக்கும் நன்மை உண்டு என்று அவ்வூர் மக்கள் உணர்ந்தால்தான் காவல் நிலைக்கும். ஒரு காலத்தில் இக்காட்டைக் காத்தது அரசரின் ஆணை. பிறகு காத்தது காலனியச் சட்டம். இனி அதைக் காக்க வேண்டியது, அதைச் சுற்றி வாழும் மக்களின் விருப்பம். பயணிகள் தங்குமிடத்தையும் வழிகாட்டியையும் தேர்ந்தெடுக்கும் முறை அந்த விருப்பத்துக்கு வலுச்சேர்க்கவும் கூடும், அதைக் குலைக்கவும் கூடும்.