டயகமவில் எண்ணப்பட்டவர்கள்

ஒபர்வில்லியேயில் எம்மவரில் முதலில் வந்து குடியேறிய பெண்கள் பலர் தமது முதற் பிள்ளையை வயிற்றில் சுமந்த நாட்களில், பிரெஞ்சு மருத்துவிச்சி கேட்ட கேள்விகள் அவர்களை நேராக வந்தடையவில்லை. இடையில் கணவன் இருந்தான். கணவனுக்கும் பிரெஞ்சு போதாவிட்டால் அவனுடைய நண்பன் இருந்தான். சில ஆண்டுகள் கழித்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய மூத்த பிள்ளையே அம்மாவுக்காகப் பேசியது. இன்னும் பிள்ளை வேண்டுமா, கருத்தடை ஏதும் பாவிக்கிறீர்களா, வீட்டில் யாரும் கைநீட்டுகிறார்களா என்ற கேள்விகளை எட்டு வயதுப் பிள்ளை எவ்வாறு மொழிபெயர்க்கும்? கணவன்தான் எவ்வாறு மொழிபெயர்ப்பான்? "ஒன்றுமில்லை, எல்லாம் சரி" என்ற பதில் கோப்பில் ஏறியது. கோப்பைப் பார்த்தவருக்கு அங்கே ஒரு குறையும் தெரிந்திராது.

இனப்பெருக்கச் சுகாதாரம், பால்நிலை என்ற பெயர்களில் எமது நாடுகளுக்குப் போன உதவித் திட்டங்களை மதிப்பிடுவதற்கு ஆலோசகர்களை அமர்த்தும் வழக்கம் பற்றி எழுத உட்கார்ந்தபோது, எமக்கு முதலில் நினைவுக்கு வந்தவை இந்தக் கோப்புகளே.

அந்த வழக்கத்தின் விதிப்புத்தகம் எழுதப்பட்ட இடம் எமக்குத் தூரத்தில் இல்லை. லாச்சப்பலில் 2ஆம் இலக்க மெற்றோவில் ஏறி, எத்துவாலில் 6க்கும் துரொக்கதெரோவில் 9க்கும் மாறினால் லா முயெத் வரும். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பின் தலைமையகம் அங்கேதான் உள்ளது. அதன் அபிவிருத்தி உதவிக் குழு 1991இல் மதிப்பீட்டுக்கென ஐந்து அளவுகோல்களை வகுத்தது: பொருத்தம், விளைதிறன், வினைத்திறன், தாக்கம், நிலைபேறு. 2019இல் இசைவு என்ற ஆறாவதும் சேர்ந்தது. இதற்கும் முன்னரே, 1969 அளவில், அமெரிக்க உதவி நிறுவனத்துக்காக ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம் திட்டமொன்றின் நோக்கம், செயல், அளவீடு, அனுமானம் அனைத்தையும் ஒரே கட்டங்களுக்குள் அடக்கும் சட்டகத்தை ஆக்கிக் கொடுத்திருந்தது. இன்று உலகில் எந்த மூலையில் எந்தத் திட்டம் மதிப்பிடப்பட்டாலும் பெரும்பாலும் இந்த இரண்டுமே ஆலோசகரின் கையில் இருக்கும்.

நடைமுறை அனைவரும் அறிந்ததே. பணம் கொடுக்கும் நிறுவனம் பணி வரையறை ஒன்றை எழுதுகிறது. என்ன கேட்கப்பட வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆலோசகர் சில வாரங்களுக்கு வருகிறார். தலைநகரில் கோப்புகளைப் படிக்கிறார், அமைச்சு அதிகாரிகளைச் சந்திக்கிறார், திட்டத்தை நடத்துபவர்களின் வாகனத்தில், அவர்கள் தெரிந்தெடுத்த கிராமத்துக்கு, அவர்கள் தந்த மொழிபெயர்ப்பாளருடன் போகிறார். வரைவு அறிக்கை பணம் கொடுத்தவரிடம் போகிறது. அவர் திருத்தம் சொன்ன பின்னரே இறுதி அறிக்கை வெளியாகிறது. ஆலோசகர் நேர்மையானவராகவே இருக்கலாம், பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். எமது கேள்வி அவருடைய குணத்தைப் பற்றியதல்ல. அவர் யாருக்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதே எமது கேள்வி.

இந்தக் கேள்வியின் வேர் எமது நாட்டிலேயே உள்ளது. 1958இல் பண்டாரநாயக்கா அரசும் சுவீடன் அரசும் குடும்பக் கட்டுப்பாட்டு முன்னோடித் திட்டமொன்றுக்கு ஒப்பந்தம் செய்தன. ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென நேரடியாக வழங்கிய முதல் உதவி என்று இதைச் சொல்வர். அதே 1958 எமக்கு எதற்காக நினைவிருக்கும் ஆண்டு என்று இங்கே சொல்லத் தேவையில்லை. திட்டத்துக்குத் தெரிவான இடங்களில் ஒன்று களுத்துறை மாவட்டத்துச் சிங்களக் கிராமப் பகுதியான பண்டாரகம. மற்றொன்று நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமான டயகம. கருத்தடை பற்றி எடுத்துச் சொல்வது, சாதனங்களை வழங்குவது, பிறப்பு வீதம் குறைகிறதா என்று பார்ப்பது என்பனவே வேலை. சுவீடன் தரப்பில் திட்டத்தில் ஈடுபட்ட வைத்தியர் ஆர்னே கிஞ்ச், அதன் விளைவுகளைச் சர்வதேச ஆய்வுத் தொகுப்புகளில் எழுதினார். அதாவது, திட்டத்தை நடத்தியவர்களே அதன் கணக்கையும் எழுதினார்கள். அந்தக் காலத்தில் அது குறையாகக் கருதப்படவில்லை.

பண்டாரகமவையும் டயகமவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கிராமத்துப் பெண்ணின் வீட்டுப் படலைக்கு ஒரு மருத்துவிச்சி வந்து கேள்வி கேட்டால், ஏழையானாலும் அந்தப் படலை அவளுடையது. "இன்றைக்கு நேரமில்லை" என்று அவள் சொல்லலாம். டயகமவில் லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். மருந்துச்சாலை தோட்டத்தினுடையது, பிள்ளைமடுவம் தோட்டத்தினுடையது, செக்ரோலில் பெயர் இருப்பதும் இல்லாமற் போவதும் துரையின் பேனாவில் தங்கியிருந்தது. வேலை கொடுப்பவனின் கூரையின் கீழ் நின்று கேட்கப்படும் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. தோட்டத்து மக்களை எண்ணுவது எளிது. பெயர்கள் ஏற்கெனவே பதிவில் இருந்தன. ஆனால் எண்ணுவதற்கு வசதியான இடம், மனதைத் திறந்து பேசுவதற்கு வசதியான இடம் ஆகிவிடாது.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்ரோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, அவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. மிச்சம் 150,000 பேரின் கதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டு, 1974இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டது. சுவீடன் திட்டம் நடந்த ஆண்டுகள் இந்தக் கணக்குகளுக்கு நடுவிலேதான் வருகின்றன. தனது கர்ப்பப்பை பற்றி இரண்டு அரசுகள் உடன்படிக்கை செய்தபோது, டயகமத் தோட்டத்துப் பெண்கள் பெரும்பாலோருக்கு அவற்றில் எந்த அரசிடமும் ஒரு வாக்குக்கூட இருக்கவில்லை. எந்த அளவுகோலும் இதைக் கேட்கவில்லை.

1965இல் இலங்கை அரசு குடும்பத் திட்டமிடலைத் தேசியக் கொள்கையாக ஏற்றது. 1968இல் அது தாய் சேய் சுகாதார சேவையோடு இணைந்தது. 1980இல் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு 100 ரூபா கொடுக்கும் முறை வந்தது, தொகை பின்னர் 500 ரூபாவரை உயர்ந்தது. நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு 500 ரூபா என்பது என்ன என்று அக்காலத்துத் தோட்டச் சம்பளத்தை அறிந்தவர்கள் சொல்வார்கள். அடுத்துவந்த ஆய்வுகளில், தோட்டப்புறத்துப் பெண்களிடையே மற்ற முறைகளை மேவி நிரந்தரச் சத்திரசிகிச்சையே நிற்பதைக் காண்கிறோம். அறிக்கைகளில் அது "ஏற்றுக்கொண்டோர்" என்று எழுதப்பட்டது. தோட்டத்து லொறியில் ஏற்றிப் போனதை மலையகத்து மூதாட்டிகள் சொல்லக் கேட்டவர்கள், ஏற்றுக்கொள்ளுதல் என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தருவார்கள்.

உதவி கொடுத்தவர்களின் வீட்டுக் கதையும் சொல்லப்பட வேண்டும். சுவீடனிலேயே 1934ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கம் 1975 வரை ஏறத்தாழ 63,000 பேர், மிகப் பெரும்பாலும் பெண்கள், மலடாக்கும் சத்திரசிகிச்சைக்கு உள்ளாகினர். அவர்களில் ஒரு பெரும் பகுதியினரின் சம்மதம் சம்மதமே அல்ல என்பது, 1997இல் ஒரு பத்திரிகையாளரின் தொடர் கட்டுரைகள் வந்த பின்னர்தான் பொது விவாதமாயிற்று. 1999இல் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. நாம் இதைச் சொல்வது டயகமத் திட்டத்தின்மீது அதே குற்றத்தைச் சுமத்துவதற்காக அல்ல. அது கட்டாய மலடாக்கும் திட்டமல்ல. ஒழுங்கான புள்ளிவிபரமும் நல்ல நிர்வாகமும் உள்ள நாட்டில்கூட, கேட்கப்படாத பெண்ணின் வார்த்தை வெளியே வர இரண்டு தசாப்தங்கள் பிடித்தன என்பதற்காகவே சொல்கிறோம்.

பிரான்சும் விலக்கல்ல. தமிழ்க் கூலிகளின் வழிவந்த 'மலபார்' மக்கள் பெருந்தொகையாக வாழும் ரெயூனியோன் தீவில், சென் பெனுவா நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஏழைப் பெண்கள்மீது ஆயிரக்கணக்கில் கருக்கலைப்பும் மலடாக்கலும் சம்மதமின்றிச் செய்யப்பட்டமை 1970இல் வெளிப்பட்டது. பாரிசில் கருக்கலைப்பு 1975வரை குற்றமாக இருந்த காலம் அது. அந்தச் சிகிச்சைகள் வேறு பெயர்களில் பதியப்பட்டு, அரசின் மருத்துவ நிதியிலிருந்து பணமும் பெறப்பட்டது. இங்கும் தாளில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

இனி வடக்குக்கு வருவோம். மலையகத்தில் எமது பெண்கள் எண்ணப்பட்டார்கள், கேட்கப்படவில்லை. வடக்கில் எண்ணப்படவுமில்லை. 1987, 1993, 2000 ஆண்டுகளின் குடிசன, சுகாதார அளவீடுகள் போர் காரணமாக வடக்கையும் கிழக்கின் பெரும் பகுதியையும் விட்டுவிட்டே நடந்தன. 2006-07இல் கிழக்கு சேர்க்கப்பட்டது, வட மாகாணம் வெளியே நின்றது. எல்லா மாவட்டங்களும் ஒருங்கே சேர்ந்தது 2016இல்தான். முழுமையான குடிசன மதிப்பும் 1981க்குப் பின் 2012இல்தான் நடந்தது. ஆனால் "இலங்கையில் தாய் சேய் நலம்" என்று ஆலோசகர்கள் எழுதிய அறிக்கைகள் இந்த எண்களையே நாட்டின் எண்களாக எடுத்தன. வட்டம் குறைந்த வரைபடத்தைக் கொண்டு முழு நாட்டையும் புகழ்ந்தார்கள்.

1994இல் கெய்ரோவில் 179 நாடுகள் கூடி, சனத்தொகை இலக்கு என்ற பேச்சை விட்டு, பெண்ணின் உரிமை, இனப்பெருக்கச் சுகாதாரம் என்ற பேச்சை ஏற்றன. அது பெண்ணியவாதிகள் பல ஆண்டு போராடிப் பெற்ற வெற்றி, அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் பின்னர் 1997 தொடக்கம் 2002 வரை ஐரோப்பிய ஆணைக்குழுவும் ஐ.நா. சனத்தொகை நிதியமும் ஆசியாவின் ஏழு நாடுகளில் இனப்பெருக்கச் சுகாதாரத் திட்டமொன்றை நடத்தின. இலங்கையும் அதில் ஒன்று. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி ஏ-9 பாதை மூடியே கிடந்தது. திட்டங்களின் மொழி மாறியது. ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திடுகிறார்கள், அறிக்கை யாரிடம் போகிறது என்பது மாறவில்லை.

2013இல் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், பிள்ளைகளுக்கான சுகாதாரப் பரிசோதனை என்று அழைக்கப்பட்ட தாய்மாருக்கு வற்புறுத்தி, கையின் தோலுக்கடியில் கருத்தடைக் குச்சிகள் பதிக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதை உலகுக்குக் கொண்டுவந்தது குடிசார் அமைப்பொன்று அந்தக் கிராமங்களுக்குப் போய்ப் பெண்களிடம் கேட்டு எழுதிய அறிக்கை. ஆறு அளவுகோல்களில் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. தமிழ் தெரிந்த, அந்தப் பெண்கள் நம்பிய ஒருவர் தேவைப்பட்டார்.

கேட்டால் என்ன வெளிவரும் என்பதற்கு இந்தியாவில் இரண்டு உதாரணங்கள் உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் வைத்தியர் ராணி பங்கும் அவரது குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் முடிவை வெளியிட்டார்கள். 92 வீதமான பெண்களுக்குப் பெண்நோய்கள் இருந்தன. அதற்கு முன் அவற்றுக்காகப் பரிசோதிக்கப்பட்டவர்கள் 8 வீதம் மட்டுமே. குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகள் பல்லாண்டுகளாக எண்ணப்பட்ட நாட்டில் இந்த வலிகளை யாரும் எண்ணியிருக்கவில்லை. செங்கற்பட்டில் 1981இல் தலித் பெண்களும் சுந்தரி ரவீந்திரனும் தொடங்கிய கிராமியப் பெண்கள் சமூகக் கல்வி மையம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே கேள்வி கேட்டவர்கள் அதே கிராமங்களின் பெண்கள். கருத்தடை, கருக்கலைப்பு, பிரசவம், வீட்டு வன்முறை பற்றி அவர்களே விசாரித்தார்கள். கணவனுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டியதை யாரிடம் எங்கே சொல்லலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இத்தனையும் எழுதிவிட்டு வெள்ளைக்கார ஆலோசகரைக் குற்றம் சொல்லி முடிப்பது எமக்கு வசதியாக இருக்கும். ஆனால் இன்று நாமும் உதவி கொடுப்பவர்களே. லாச்சப்பல் கடைகளின் மேசைகளில் உண்டியல் வைத்து, மண்டபம் எடுத்து நிகழ்ச்சி நடத்தி, எமது ஊர்ச் சங்கங்கள் வைத்தியசாலைக்கும் தாய்மாருக்கும் விதவைப் பெண்களுக்கும் பணம் அனுப்புகின்றன. கணக்காக எமக்கு வருவது என்ன? பொதியை ஏந்தி நிற்கும் பெண்ணின் புகைப்படம். பின்னால் சங்கத்தின் பதாகை. அவள் முகத்தைப் பார்த்து நாம் "தாக்கம்" என்ற கட்டத்தை நிரப்பிக்கொள்கிறோம். அவளிடம் என்ன கேட்கப்பட்டது, கேட்டவர் யார், அப்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று நாம் விசாரிப்பதில்லை. புகைப்படம் வேண்டாம் என்று சொன்னவளுக்குப் பொதி கிடைத்ததா என்பதும் எமக்குத் தெரியாது.

எந்த மதிப்பீட்டையும் நாம் வாசிக்கும்போதும், நாமே ஒருவரை அனுப்பும்போதும் இரண்டு விடயங்களையாவது கேட்போம். அந்தப் பெண்ணோடு தனியே, அவளுடைய மொழியில், உதவியை வழங்குபவர் பக்கத்தில் இல்லாமல் பேசினார்களா? எழுதி முடித்த அறிக்கையை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, பிழை இருந்தால் சொல்லும் உரிமையைக் கொடுத்தார்களா? டயகமவில் எண்ணப்பட்ட பெண்களில் இன்றும் உயிரோடிருப்பவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். தம்மைப் பற்றி எழுதப்பட்டதை அவர்கள் வாசிக்கக் கேட்டிருக்க நியாயமில்லை. ஒபர்வில்லியேயில் எட்டு வயதில் அம்மாவுக்கு மொழிபெயர்த்த பிள்ளைகள் இன்று தாய்மாராகிவிட்டார்கள். சிலர் அதே நிலையங்களில் மேசையின் மறுபக்கத்தில் இருந்து கேள்வி கேட்கிறார்கள். புதிதாக வந்த பெண்ணொருத்தி உள்ளே வரும்போது, அவர்கள் முதலில் கணவனைச் சற்று வெளியே இருக்கச் சொல்கிறார்கள்.