கொடைக்கானல் ஏரியும் மோட்டார் படகு லைசென்ஸும்

கொடைக்கானலுக்குப் போகிறவர்களில் ஏரியில் படகு விடாமல் திரும்புகிறவர்கள் குறைவு. அரை மணி நேரம் பெடல் மிதித்துக் கரை ஏறும்போது, கூட்டத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்: "கால் வலிக்குதுடா, இதுக்கு ஒரு மோட்டார் வச்சா என்ன?" இன்னும் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர் அடுத்த கேள்விக்குப் போவார். மோட்டார் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன? பைக் லைசென்ஸ், கார் லைசென்ஸ் மாதிரி அதுவும் பர்ஸில் ஒன்று கிடக்கட்டுமே!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொழுதுபோக்குக்காக எப்போதாவது படகு ஏறுகிறவருக்கு அந்த லைசென்ஸால் லாபமா நஷ்டமா? பதில் சொல்ல 160 வருடம் பின்னால் போக வேண்டும்.

ஏரி வந்த கதை

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உருவான ஏரி அல்ல. 1821-ல் லெப்டினன்ட் வார்டு பழனி மலைகளில் நில அளவை செய்தபோது இங்கே இருந்தவை ஓடைகளும் சதுப்பு நிலமும்தான். 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் காய்ச்சலுக்குப் பயந்து மலையேறி இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். ஊர் அப்படித்தான் தொடங்கியது.

ஏரியைக் கொண்டுவந்தவர் மதுரை கலெக்டராக இருந்த சர் வெரே ஹென்றி லெவிஞ்ச். பழனி மலைகள் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தன. 1863-ல் அவர் ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார். இதற்குத் தன் சொந்தப் பணத்தையும் செலவழித்தார் என்கிறது ஊர் வரலாறு. ஏரியில் மீன் விட்டதும், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்ததும் அவர்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1863-ல் கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு கிடையாது. துரைமார்களும் துரைசாணிகளும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலோ, கூலிகள் தூக்கிய நாற்காலியிலோதான் மலையேறினார்கள். அந்தக் காலத்தில் கடற்கரை ஊரான தூத்துக்குடியிலிருந்து, கடல் மட்டத்துக்கு ஏழாயிரம் அடிக்கு மேலே ஒரு படகு வந்து சேர்ந்தது! பொழுதுபோக்கு என்பது அன்றைக்கும் விலை மலிவான விஷயமாக இல்லை. அதன் பாரத்தைச் சுமந்த தோள்கள் வேறு யாருடையவோ.

1890-ல் இங்கே முதல் படகு சங்கம் தொடங்கியது. 1910-ல் புதிய படகுத் துறை கட்டப்பட்டது. ஆனால் உள்ளூர் மக்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் சங்கத்தின் கதவு திறந்தது 1932 மே மாதத்தில்தான். அதாவது ஏரி வெட்டி 69 வருடம் கழித்து! அதுவரை துடுப்புப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது, சங்கத்துக்குள் இடமும் இருக்க வேண்டும். கொடைக்கானல் ஏரியின் முதல் "லைசென்ஸ்" இந்த உறுப்பினர் சீட்டுதான் என்று சொன்னால் தப்பில்லை. அது ஓட்டும் திறமையைச் சோதிக்கவில்லை. ஆள் யார் என்பதை மட்டும் பார்த்தது.

மோட்டார் எங்கே போனது?

இதே காலத்தில் உலகத்தில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1886-ல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் மேபாக்கும் தங்கள் பெட்ரோல் எஞ்சினை ஒரு படகில் பொருத்தி நெக்கார் ஆற்றில் ஓட்டினார்கள். 1909-ல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர், படகின் பின்பக்கம் கழற்றி மாட்டக்கூடிய மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒரு கோடைகால நாளில் காதலிக்காக ஐஸ்கிரீம் வாங்கப் படகில் போய், துடுப்புப் போட்டுத் திரும்பி வருவதற்குள் அது உருகிப் போனதாம். அந்த எரிச்சலில் பிறந்த யோசனை இது என்று சுவையாகச் சொல்வார்கள். "கால் வலிக்குதுடா" என்கிற நம் ஊர்ப் பையனுக்கு எவின்ரூட் ஒரு வகையில் முன்னோடி!

ஆனால் தமிழ்நாட்டின் பழைய சங்கங்கள் மோட்டாரை மையமாக வைத்துப் பிறந்தவை அல்ல. 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றில் துடுப்புப் போட்டது. 1911-ல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய மெட்ராஸ் யாட் கிளப் பாய்மரம் விரித்தது. கொடைக்கானல் ஏரியின் அடையாளமும் இன்றுவரை துடுப்புப் படகும் பெடல் படகும்தான். மே மாதக் கோடை விழாவில் அலங்காரம் செய்து விடுகிற படகுகள் மெதுவாக மிதந்து வந்தால்தான் அழகு.

இதற்கு ஒரு எளிய கணக்கும் உண்டு. ஏரியின் பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றியுள்ள சாலையின் நீளம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒரு மோட்டார் படகு இந்தத் தூரத்தை ஏழரை நிமிடத்தில் முடித்துவிடும். அப்புறம்? மறுபடியும் ஒரு சுற்று. அதற்குள் பக்கத்தில் குழந்தைகளோடு பெடல் மிதிக்கும் குடும்பங்கள் அலையில் ஆடிப் போகும். ஏரியின் சராசரி ஆழமோ சுமார் 3 மீட்டர்தான். அடியில் கிடக்கிற சேறு கலங்க அதிக நேரம் ஆகாது. சின்ன ஏரிக்கு வேகம் ஒத்துவராது.

சட்டம் யாருக்காக எழுதப்பட்டது?

சரி, கொடைக்கானலை விடுங்கள். படகு ஓட்ட லைசென்ஸ் என்ற எண்ணம் இந்தியாவுக்கு எப்படி வந்தது?

1917-ல் பிரிட்டிஷ் அரசு உள்நாட்டு நீராவிக் கப்பல்கள் சட்டம் கொண்டுவந்தது. ஆறுகளிலும் உப்பங்கழிகளிலும் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிப் போன கப்பல்களுக்கான சட்டம் அது. கப்பலைச் சோதித்துச் சான்று தர வேண்டும். ஓட்டுகிற மாஸ்டர், செராங், எஞ்சின் டிரைவர் ஆகியோர் தேர்ச்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். விபத்து நடந்தால் விசாரிக்க வேண்டும். இவைதான் அதன் முக்கிய அம்சங்கள். நூறு வருடத்துக்கு மேல் திருத்தங்களோடு ஓடிய அந்தச் சட்டத்தின் இடத்தில் 2021-ல் புதிய உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் நிறைவேறியது. ஒரு மாநிலத்தில் செய்த பதிவு நாடு முழுக்கச் செல்லும் என்பது அதில் முக்கியமான மாற்றம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1917 சட்டத்தின் சான்றிதழ் ஒரு தொழிலாளிக்கானது. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க வருகிறவரை நினைத்து அதை யாரும் எழுதவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் எல்.எல்.ஆர். போட்டு, எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்குவது போல ஒரு பழக்கம் படகுக்கு நம் ஊரில் வளரவில்லை. ஊட்டி ஏரியில் மோட்டார் படகு உண்டு, முட்டுக்காட்டில் ஸ்பீட் போட் உண்டு. அங்கெல்லாம் ஓட்டுகிறவர் ஊழியர்; டிக்கெட் வாங்கியவர் பயணி. பயணிக்கு லைசென்ஸ் எதற்கு?

வெளிநாடுகளில் கதை வேறு. தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில், சொந்த உல்லாசப் படகாக இருந்தாலும் மோட்டார் இருந்தால் ஓட்டுநர் உரிமம் கட்டாயம். ஜெர்மனியில் 2012 முதல் 15 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு உரிமம் வேண்டும். பிரிட்டனிலோ கடலில் சொந்தப் படகை உல்லாசத்துக்கு ஓட்டச் சட்டப்படி லைசென்ஸே தேவையில்லை! ஆனாலும் அங்கே ராயல் யாட்டிங் அசோசியேஷன் நடத்துகிற இரண்டு நாள் பவர்போட் பயிற்சிக்கு ஆட்கள் பணம் கட்டிச் சேருகிறார்கள். சட்டம் கேட்காத ஒன்றுக்கு ஏன் செலவு செய்கிறார்கள்?

தண்ணீர் சொன்ன பதில்

கொடைக்கானலுக்கு வருகிற பல குடும்பங்கள் அடுத்த நாள் தேனி வழியாகப் போகிற இடம் தேக்கடி. 2009 செப்டம்பர் 30-ம் தேதி மாலை அங்கே கேரள அரசின் சுற்றுலாக் கழகத்துக்குச் சொந்தமான ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் பலர். பயணிகள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில், உல்லாசமாகச் சுற்றிப் பார்க்க மீன்பிடிப் படகில் ஏறிய ஒரே குடும்பத்துச் சொந்தங்கள் உள்பட 22 பேர் மூழ்கி இறந்தார்கள். 2023 மே 7-ம் தேதி கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த ஓர் உல்லாசப் படகு அளவுக்கு மீறி ஆள் ஏற்றிக்கொண்டு இருட்டிய நேரத்தில் போனது. அங்கேயும் 22 பேர். பாதிக்கு மேல் குழந்தைகள்.

இந்த மூன்றிலும் படகு ஏறியவர்கள் யார்? நம்மைப் போல எப்போதாவது ஒரு நாள் பொழுதுபோக்கத் தண்ணீருக்குப் போனவர்கள். தேக்கடிப் படகு யாரோ திருட்டுத்தனமாக ஓட்டிய படகு அல்ல, அரசு நிறுவனத்தின் படகு. ஆகவே "லைசென்ஸ் இருந்தால் எல்லாம் சரி" என்று சொல்லிவிட முடியாது. "காகிதம்தானே, எதற்கு?" என்று தள்ளிவிடவும் முடியாது. படகு எத்தனை பேரைத் தாங்கும், எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் என்ன ஆகும், லைஃப் ஜாக்கெட்டை எப்போது மாட்ட வேண்டும் என்பது படகில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தால் சில உயிராவது மிஞ்சியிருக்கும்.

இன்னொரு சம்பவம். 2013 மே மாதம் இங்கிலாந்தின் கார்ன்வாலில், பேட்ஸ்டோ அருகே ஒரு குடும்பம் தங்கள் சொந்த மோட்டார் படகிலிருந்து தூக்கி எறியப்பட்டது. ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வந்து தண்ணீரில் கிடந்தவர்கள் மேலேயே மோதியது. தந்தையும் மகளும் இறந்தார்கள். ஓட்டுநர் உடம்போடு மாட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சின்னக் கயிறு உண்டு. அவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் உடனே நின்றுவிடும். அன்றைக்கு அந்தக் கயிறு மாட்டப்படவில்லை. கயிற்றின் விலை மிகக் குறைவு. அதை மறக்காமல் மாட்டுகிற பழக்கம்தான் விலை மதிப்பில்லாதது. அந்த இரண்டு நாள் பயிற்சி சொல்லித் தருவதும் இதைத்தான். பிரிட்டன்காரர்கள் ஏன் பணம் கட்டுகிறார்கள் என்ற கேள்விக்கும் பதில் இதுவே.

லாப நஷ்டக் கணக்கு

வணிகவியல் பாடத்தில் எந்தச் செலவையும் பயனோடு வைத்துத்தான் பார்க்கச் சொல்வார்கள். படகு லைசென்ஸையும் அப்படியே பார்க்கலாம்.

முதல் வகை, வருடத்துக்கு ஒரு தடவை கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு போகிறவர். இவருக்கு லைசென்ஸ் வெட்டிச் செலவு. ஓட்டப் படகும் இல்லை, ஓட விடத் தண்ணீரும் இல்லை. பயன்படுத்தாமல் வைத்திருந்தால் கை மறந்துவிடும். கணக்குப் பாடத்தில் "மூழ்கிய செலவு" என்று ஒன்று வரும். இது அந்தப் பெயருக்கு அப்படியே பொருந்தும்! அதே பணத்தில் நீச்சல் கற்றுக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும்.

இரண்டாவது வகை, சென்னை, புதுச்சேரி மாதிரிக் கடலோர ஊரில் இருந்து, சங்கத்திலோ நண்பரின் படகிலோ மாதம் இரண்டு முறையாவது தண்ணீரில் இறங்குகிறவர். இவர் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். சான்றிதழ் அதற்கு ரசீது மாதிரி. ரசீதுக்காகப் பொருள் வாங்குவதில்லை, பொருள் வாங்கினால் ரசீது தானாக வரும்.

மூன்றாவது வகை, சிங்கப்பூர் போன்ற இடத்துக்கு வேலைக்குப் போய் அங்கே படகு ஓட்ட நினைப்பவர். இவருக்கு யோசனையே வேண்டாம், சட்டமே கேட்கிறது.

நான்காவதாக ஒரு வகையும் உண்டு. அடுத்தவர் குழந்தையைத் தன் படகில் ஏற்றிக்கொள்கிறவர். ஒரே ஒரு முறைதான் ஓட்டுகிறார் என்றாலும் இவருக்குப் பயிற்சி கட்டாயம். இங்கே லாப நஷ்டம் பார்க்கக் கூடாது.

"மீனவர்கள் என்ன லைசென்ஸ் படித்துவிட்டா கடலுக்குப் போனார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லைத்தான் ஆங்கிலம் கேட்டமரான் என்று எடுத்துக்கொண்டது. ஆனால் மீனவர் வீட்டுப் பிள்ளை சிறு வயதிலிருந்து தினமும் காற்றையும் அலையையும் பார்த்து வளர்கிறது. அது வருடக்கணக்கில் நடக்கிற பயிற்சி. அந்த வருடங்கள் இல்லாத நகரத்துக்காரருக்குத்தான் இரண்டு நாள் வகுப்பு.

கொடைக்கானல் ஏரி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான். தண்ணீரில் சந்தோஷப்பட எஞ்சின் தேவையில்லை. எஞ்சின் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், முதலில் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் காகிதத்தைப் பற்றி யோசியுங்கள். அதுவரை கொடைக்கானல் போனால் துடுப்புப் படகே எடுங்கள். கை கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. லைஃப் ஜாக்கெட்டை மட்டும் போட்டோ எடுப்பதற்காகக் கழற்றாதீர்கள்.