செம்பும் செங்கல்லும்

கலை என்றவுடன் நம் நினைவு கோபுரத்திற்கும் சிற்பத்திற்கும் செல்கிறது. அடுக்களையில் இருக்கும் செம்பிற்குச் செல்வதில்லை. ஆயினும், விடுதலை பெற்ற இந்தியாவின் வடிவமைப்புக் கல்வி ஒரு செம்பைப் பற்றிய சிந்தனையோடு தொடங்கியது எனின் அது மிகையன்று.

1958-ஆம் ஆண்டு, இந்திய அரசின் அழைப்பை ஏற்று, அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்தனர். சிறுதொழில்களுக்குத் துணை செய்யும் வடிவமைப்புப் பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பதே அவர்கள்முன் வைக்கப்பட்ட வினா. அவர்கள் அளித்த அறிக்கை தனிச்சிறப்புடன் போற்றியது 'லோட்டா' என வடவர் வழங்கும் செம்பையே. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பிலும் தலையிலும் எவ்வாறு நிலைகொள்ள வேண்டும், சாய்த்தால் நீர் எப்படி ஒழுக வேண்டும், உட்புறத்தைத் துலக்க இயலுமா, மற்றொரு பாத்திரத்தில் மோதினால் என்ன ஒலி எழும்? இத்தனை வினாக்களுக்கும் விடையாக நிற்கிறது அச்செம்பு. அதனை ஆக்கியவர் ஒருவர் அல்லர், பல தலைமுறையினர். அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

அதற்கு அந்நகர் பொருத்தமான இடமே. 1411-இல் சுல்தான் அகமது ஷா நிறுவிய நகர் அது. அதன் அருகே அடாலஜ் என்னும் ஊரில் 1499-இல் கட்டி முடிக்கப்பட்ட படிக்கிணறு, ஐந்து அடுக்குகளாக நிலத்தினுள் இறங்குகிறது. நீர் முகக்க வந்தோர் வெயிலை மறந்து இளைப்பாறும் நிழலும் அங்கே கிடைத்தது. 1573-ஐச் சேர்ந்த சீதி சையத் பள்ளிவாசலின் கற்சாளரத்தில் ஒரு மரமும் அதன் பின்னிய கிளைகளும் செதுக்கப்பட்டுள்ளன. ஒளியும் காற்றும் அதன் வழியே புகும். வெயிலின் கடுமை வெளியே நின்றுவிடும்.

இந்தப் பாடத்தையே இருபதாம் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர்களும் அந்நகரில் பயின்றனர். 1954-இல் லெ கார்பூசியே ஆலை உரிமையாளர் சங்கத்திற்கு எழுப்பிய மாளிகையின் கிழக்கு, மேற்கு முகப்புகளில் கான்கிரீட்டாலான வெயில் தடுப்புகளை நிறுத்தினார். நாம் வாசலில் மூங்கில் தட்டி கட்டுவதன் நோக்கமும் இதுவே அன்றோ? 1962-இல் இந்திய மேலாண்மைக் கழகத்தின் கட்டடப் பணியை ஏற்ற லூயி கான், எளிய செங்கல்லையே தேர்ந்தார். வளைவுகளின் உந்துவிசையைக் கான்கிரீட் விட்டங்கள் இழுத்துப் பிடிக்க, பெரும் வட்டத் திறப்புகள் நிழலையும் காற்றையும் உள்ளே அழைத்தன. 1974-இல், அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது.

இவ்விருவரோடும் பணியாற்றிய பாலகிருஷ்ண தோஷி, 1980-இல் 'சங்கத்' என்னும் தம் அலுவலகத்தைப் பாதி நிலத்தினுள் அமைத்தார். அதன் வளைகூரைகளின்மேல் உடைந்த பீங்கான் சில்லுகளைப் பதித்தார். அவை வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. பிறர் கழித்த சில்லு அவருக்குக் கூரையாயிற்று. 2018-இல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர் இவரே.

இச்செல்வம் இன்று நிலையாக நிற்கின்றதா? 2001-ஆம் ஆண்டு நிலநடுக்கமும், நீர்க்கசிவும், காலமும் கானின் செங்கல்லைச் சிதைத்தன. அவர் அமைத்த மாணவர் விடுதிகள் 18-இல் 14-ஐ இடிக்கும் எண்ணம் 2020 டிசம்பரில் வெளியானது. உலகெங்கும் எதிர்ப்பு எழவே, 2021 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. 2022 நவம்பரில் சில பகுதிகளை இடித்துக் கட்டும் முடிவு மீண்டும் அறிவிக்கப்பட்டது. மாணவர் பாதுகாப்பு எளிதாகத் தள்ளத்தக்கதன்று. ஆனால், அதே வளாகத்தின் நூலகம் செப்பனிடப்பட்டு 2019-இல் யுனெஸ்கோவின் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றதையும் நாம் மறத்தலாகாது. செப்பனிடும் வழி உண்டு என்பதற்கு அதுவே சான்று.

பழைய கோயிலைக் காக்க முன்வரும் நாம், ஐம்பது அறுபது ஆண்டுக் கட்டடத்தை வெறும் செங்கல் என எண்ணுகிறோம். இக்குறை நீங்கும் வழி நம் வீட்டிலேயே தொடங்க வேண்டும். நாள்தோறும் கையாளும் செம்பு ஏன் இவ்வடிவில் உள்ளது, திண்ணை ஏன் இத்தனை அகலம், சாளரம் ஏன் இத்திசையில் என்று நம் பிள்ளைகளைக் கேட்கப் பழக்குவோம். அவ்வாறு கேட்டு வளரும் தலைமுறை, ஒரு சுவரை இடிக்குமுன் அது எதற்காக எழுந்தது என்றும் கேட்கும்.