டயகமப் பெரியவரின் தாடையும் ஒரு நட்டஈட்டு வரலாறும்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறிச் செல்லும் பஸ் டயகமவுடன் நின்றுவிடும். அதற்கு மேலே ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் காடுதான். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் அந்தப் பாதையில் பல தடவைகள் சென்றிருக்கிறேன். பெரும்பாலும் சம்பளப் போராட்டம், மண்சரிவு, தேர்தல் ஆகியவற்றுக்காகத்தான். 2014ஆம் ஆண்டில் அவ்வாறு சென்றிருந்தபோது, ஒரு தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன்.

அவர் ஸ்டோரில் வேலை செய்தவர். மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு வழங்கும் பெயர் அதுதான். 1980களின் நடுப்பகுதியில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தின் இரும்புத் தண்டு ஒன்று அவருடைய இடது தாடையில் அடித்திருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டினார்கள். மூன்றாம் நாள் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து வேலைக்குப் போய்விட்டார்.

"பல்லு ரெண்டு போனதப் பத்திக் கவல இல்லீங்க ஐயா. வாயத்தான் தொறக்க ஏலாது. ரொட்டி மென்னு எத்தனையோ வருசமாச்சு. இதுக்கு ஏதும் காசு கெடைக்குமா?" என்று கேட்டார்.

காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் அசைவதுதான் தாடை மூட்டு. பெரியவரின் மூட்டில் நான் விரல் வைத்தபோது, சுள்ளி முறிவதுபோல ஓர் ஒலி கேட்டது. அவருடைய கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இருக்கவில்லை. கொழும்பு திரும்பியதும் சட்டப் புத்தகங்களைத் தேடத் தொடங்கினேன்.

உடலின் உறுப்புகளுக்குச் சதவீதக் கணக்கில் விலை குறிக்கும் வழக்கத்தைப் பரவலாக்கியதில் முதலாம் உலக யுத்தத்துக்குப் பெரிய பங்குண்டு. பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டிய சிப்பாய்களின் முகத்திலும் தாடையிலும் குண்டுகள் பாய்ந்தன. 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் இவர்களுக்கென்றே திறக்கப்பட்ட வைத்தியசாலையில், ஹெரல்ட் கில்லிஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் தலைமையில் 5,000க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை நடந்தது. அதே ஆண்டு பிரித்தானிய அரசு வகுத்த ஓய்வூதிய அளவுகோலில், முகம் மிகக் கடுமையாகச் சிதைந்தவர் நூறு சதவீத இயலாமை உடையவராகக் கொள்ளப்பட்டார். நூறு சதவீதம் என்றால், சாதாரண சிப்பாய்க்கு வாரம் 27 ஷிலிங் 6 பென்ஸ்.

அந்த யுத்தத்துக்கு நமது மலைகளிலிருந்தும் ஆட்கள் போனார்கள். பெரும்பாலும் தோட்டத் துரைமாரைக் கொண்டிருந்த சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் படையினர் 1914 அக்டோபரில் எகிப்துக்குக் கப்பலேறினர். பின்னர் கலிப்பொலிக் கரையிலும் இருந்தனர். போர்முனையில் காயமடைந்த துரைக்குக் கேட்டுப் பெற ஓர் ஓய்வூதிய ஏற்பாடு இருந்தது. அவருடைய ஸ்டோரில் கையை இழந்த தொழிலாளிக்கோ துரையின் தயவைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. பிரித்தானியா தன் சொந்தத் தொழிலாளருக்கு 1897இலேயே நட்டஈட்டுச் சட்டம் இயற்றிவிட்டது. இந்தியாவுக்கு அது 1923இல் வந்தது. இலங்கைக்கு 1934இன் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக வந்து சேர்ந்தது. முப்பத்தேழு ஆண்டுகள்! தேயிலையை லண்டன் ஏலத்துக்கு அனுப்ப இவ்வளவு காலம் பிடிக்கவில்லை.

இந்தச் சட்டங்களின் இணைப்பு அட்டவணைகள் வாசிக்கச் சற்று விசித்திரமானவை. 1923ஆம் ஆண்டின் இந்திய அட்டவணையில், முழங்கைக்கு மேல் வலது கை போனால் சம்பாதிக்கும் ஆற்றலில் 70 சதவீதம் இழப்பு, இடது கை என்றால் 60, ஒரு கண் 30, பெருவிரல் 25. வெட்டுண்டு போனதை எண்ணிவிடலாம். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வலிக்கும் மூட்டை எப்படி எண்ணுவது? அட்டவணையில் இல்லாத காயத்துக்கும் இலங்கைச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் சம்பாதிக்கும் ஆற்றல் எவ்வளவு குறைந்தது என்பதை மருத்துவச் சான்றோடு காட்ட வேண்டும். நமது பெரியவர் மூன்றாம் நாளே வேலைக்குப் போய், ஓய்வுபெறும்வரை முழுப் பேர் போட்டவர். வயிற்றுக்காக வலியைப் பொறுத்துக்கொண்டது, சட்டத்தின் கண்ணுக்கு ஆற்றல் குறையாததன் சான்றாகத் தெரியும்.

உரிமை இருப்பதும் அதைக் கேட்டுப் பெறுவதும் வெவ்வேறு விடயங்கள் என்பதை மலையகத்தில் முதலில் உணர்ந்தவர்களுள் கோ. நடேசய்யர் முக்கியமானவர். என்னைப் போல அவரும் பத்திரிகைக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த அவர், தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் எழுதி அவர்கள் கையில் கொடுத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கும் சென்றார். அவருக்குப் பின் வந்த சங்கங்களின் தோட்டத் தலைவர்கள் பலர், மேடைப் பேச்சைவிட மனு எழுதுவதிலேயே அதிக நாட்களைக் கழித்தவர்கள்.

பெரியவரின் மனுவைப் பொறுத்தவரை முதல் முட்டுக்கட்டை ஆவணம். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இந்தக் கைமாற்றங்களுக்கிடையில் டிஸ்பென்சரியின் பழைய புத்தகம் எங்கே போயிற்று என்று சொல்ல ஒருவருமில்லை. சட்டம் விதித்த காலவரையறையும் எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

இரண்டாவது முட்டுக்கட்டை வெற்றிலை. நான் விசாரித்த பல் வைத்தியர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே, "பாக்குப் போடுவாரா?" என்று கேட்டார். நெடுங்காலம் பாக்கு மென்றால் வாயின் உட்தோல் நார்நாராக இறுகி, வாய் திறப்பது குறையும். தோட்டப்புறங்களில் இது அபூர்வமல்ல. புற்றுநோய்க்கு முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடியது. கன்னத்தின் உட்பக்கம் வெளிறி நாராகத் தட்டுப்பட்டால் பாக்கு; மூட்டில் ஒலியும் நோவும் இருந்தால் அடி. பெரியவருக்கு இரண்டும் இருந்தன. எதற்கு எத்தனை பங்கு என்று முப்பது ஆண்டுகள் கழித்து எந்த வைத்தியரும் சத்தியம் செய்யமாட்டார்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் தாடை மூட்டை அளவுகோல் வைத்தே அளக்கிறார்கள். மேல், கீழ் முன்பற்களுக்கிடையில் 35 முதல் 50 மில்லிமீட்டர்வரை திறந்தால் அது இயல்பு. குறையக் குறைய இயலாமைச் சதவீதம் ஏறும். 2017இல் திருத்திய விதியில், எதை மெல்ல முடியவில்லை என்பதும் கணக்கில் சேர்ந்தது. ஆனால் அந்த உணவுக் கட்டுப்பாட்டை வைத்தியர் ஒருவர் எழுத்தில் பதிந்திருக்க வேண்டும்.

இலங்கைச் சட்டத்தில் நட்டஈட்டின் உச்சவரம்பு 2005இல் ஐந்தரை இலட்சம் ரூபாயாகவும், 2022இல் 20 இலட்சமாகவும் உயர்ந்தது. பெரியவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மனு பலிக்காது என்ற செய்தியை, அதே ஆண்டின் இறுதியில் நேரில் போய்த்தான் சொன்னேன். அவர் அதிகம் வருந்தியதாகத் தெரியவில்லை. அமெரிக்கப் படைவீரரின் கதையைக் கேட்டதும் பேரனின் பள்ளிக்கூட அடிமட்டத்தை வாங்கி, "அளந்துதான் பாருங்களேன்" என்று வாயைத் திறந்தார். 24 மில்லிமீட்டர். அன்றைய அமெரிக்க அட்டவணைப்படி 20 சதவீதம்; மிருதுவான உணவு மட்டுமே உண்ண முடியும் என்று பதிவும் இருந்திருந்தால், பிந்திய விதிப்படி 30. அந்த எண்ணையும் திகதியையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். தேசிய அடையாள அட்டை இருந்த தகரப் பெட்டிக்குள் அதை மடித்து வைத்துவிட்டு, ரொட்டியைப் பிய்த்து பிளேன்டீயில் ஊறப்போட்டார்.